டவர் மேல் விருந்தாளி

நவம்பர் 3, ஞாயிறு

இதை எடுத்துப் படிப்பது யாராக இருந்தாலும் உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அம்மா, நீயாக இருந்தால் மெத்தைக்கு அடியில் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடு. நானும் ஒன்றும் கேட்க மாட்டேன். அப்பாவாக மட்டும் இருக்கக் கூடாது.

இன்று காலை அது வந்துவிட்டது.

மாடியில் புறாக்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் செல்போன் டவரில், மேலே இருந்து இரண்டாவது தட்டில், கம்பியோடு கம்பியாகச் சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றது. தலையைத் திருப்பியதும் கன்னத்தில் மீசை மாதிரி இறங்கும் கறுப்புக் கோடு தெரிந்தது. அதேதான். போன வருஷம் உட்கார்ந்த அதே தட்டு.

நான் விசிலடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் அப்பா பெயர் கஸ்பார், அந்த ஐஸ் கம்பெனியில் மெக்கானிக். வேலை போக மீதி நேரமெல்லாம் மாடியில் பந்தயப் புறாக்களோடுதான். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் மட்டும் நாலு மாடியில் புறாக்கூடு இருக்கிறது. புறா வளர்ப்பவர்கள் மாடியில் நின்றுகொண்டு அந்தப் பறவையின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கூப்பிட்டது மாதிரி வந்து நிற்குமாம். எதிர்வீட்டுத் தொம்மை மாமா ‘அந்தாளு’ என்பார். எங்கள் வீட்டில் மட்டும் ‘விருந்தாளி’. அப்பா வைத்த பெயர். பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டிலிருந்து நம்ம டவரைத் தேடி வருகிறது, வந்து நாலைந்து மாதம் தங்கிவிட்டுப் போகிறது, வேறு என்னவென்று கூப்பிட என்பார்.

உண்மையான பெயர் வைரி. வைரி என்றால் எதிரி என்றும் அர்த்தம். தமிழ் மிஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்த வருஷம் அப்பா மாடியில் நின்றே வைரி என்கிறார். “இந்தத் தடவ வைரி வரட்டும், பாத்துக்கிடுதேன்.” தொம்மை மாமாவே திடுக்கிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அக்கா போனதிலிருந்துதான் இப்படி.

அக்கா பெயர் ஜெசிந்தா. மார்ச் மாதம் செந்தில்வேல் அண்ணனோடு கோவில்பட்டிக்குப் போய்ப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. வாசலை மிதித்தால் காலை வெட்டுவேன் என்று அப்பா தெருவே கேட்கச் சொன்னார். போவதற்கு முந்தின நாள் அக்கா இந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தாள். “அழாத. விருந்தாளி வாரப்ப நானும் வந்துருவேன். அதுக்குள்ள அப்பாவுக்குக் கோவம் ஆறிரும்” என்றாள்.

கோபம் ஆறவில்லை. ஆனால் அது வந்துவிட்டது. இதை நான் யாரிடம் சொல்ல?


நவம்பர் 5

மழை. அது அங்கேயேதான் இருக்கிறது. வேறு யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.


நவம்பர் 10, ஞாயிறு

மழை என்பதால் அப்பா இன்னும் புறாக்களை வெளியே விடவில்லை. கூட்டைக் கழுவினேன். வேதியியல் ரெக்கார்டில் படம் வரைந்தேன். ரேஷன் கடையில் நின்றேன். நாள் முழுக்க டவரைப் பார்க்காமல் இருப்பதே பெரிய வேலையாகிவிட்டது. நான் பார்த்தால் அப்பாவும் பார்ப்பார்.

முதல் தடவை அது இறங்கியதை நான் பார்த்தபோது ஒன்றாம் வகுப்பு. அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தேன். அக்கா பக்கத்தில், அப்பா கப்பலில் வேலை பார்த்த காலத்து பைனாகுலரோடு. புறாக்கள் உப்பளம் பக்கமிருந்து திரும்பிக்கொண்டிருந்தன. “டவரப் பாக்காதீங்க, அதுக்கு மேல பாருங்க” என்று அப்பா சொன்னார். மேலே ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு புள்ளி. புள்ளி சிறகை மடக்கியது. அவ்வளவுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்துத் தெரிந்தபோது அது புறாக்கூட்டத்துக்குக் கீழே இருந்தது. நடுவில் என்ன நடந்தது என்று கண் சொல்லவில்லை, காதுதான் சொன்னது. புதுத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். வானத்தில் கொஞ்சம் வெள்ளை இறகு மட்டும் மிதந்தது.

நான் அழுதேனாம். அக்கா கை தட்டினாளாம். அப்பா இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாராம். அவருடைய புறாதான் போனது. “விருந்தாளி வந்தா வெறும் வயித்தோட அனுப்ப முடியுமா” என்று கீழே வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மா அதை வருஷம் தவறாமல் எல்லோரிடமும் சொல்லிக் கேலி செய்வாள். இந்த வருஷம் சொல்லவில்லை.

பள்ளி நூலகத்தில் பார்த்தேன். பொரி வல்லூறு என்று போட்டிருக்கிறது. பாயும்போது மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் போகுமாம். உலகத்தில் அதைவிட வேகமான உயிர் இல்லையாம். எனக்கு அந்த எண் எதுவும் சொல்லவில்லை. அந்தத் துணி கிழியும் சத்தம்தான் சொல்கிறது.


நவம்பர் 16, சனி

எழுத்து கோணலாக இருக்கும்.

கப்பித்தான் போய்விட்டது.

கப்பித்தான் அக்காவின் புறா. குஞ்சிலேயே தாய்ப்புறா ஒதுக்கிவிட்டது. அக்கா ஊறவைத்த பயறை வாயில் மென்று ஊட்டி வளர்த்தாள். அதன் காலில் பச்சை வளையத்தை மாட்டியவளும் அவள்தான். அவள் போன பிறகு அப்பா வேறு எந்தப் புறாவையும் அந்த மாதிரி கையில் வைத்துக்கொண்டு நின்று நான் பார்த்ததில்லை. காலையில் எழுந்ததும் அதை எடுத்து, கழுத்து இறகை விரலால் தடவிக்கொண்டே இருப்பார்.

இன்று வெயில் அடித்தது. கூட்டைத் திறந்தார். வானம் பார்ப்பது என் வேலை. விருந்தாளியைக் கண்டால் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரே ஒரு நீள விசில். அதைக் கேட்டால் புறாக்கள் எங்கே இருந்தாலும் சிறகை ஒடுக்கிக்கொண்டு நேராகக் கூட்டில் வந்து விழும். விசில் கேட்டு வந்தால் தின்னக் கம்புத் தானியம் கிடைக்கும் என்று குஞ்சிலிருந்தே பழக்கி வைத்திருக்கிறோம்.

அது தட்டை விட்டுக் கிளம்பியதைப் பார்த்தேன். மேலே மேலே போனது. விரல் வாயில்தான் இருந்தது. அடித்தால் அது வந்திருப்பது அப்பாவுக்குத் தெரிந்துவிடும். வேறு பக்கம் போய்விடும், கடலுக்குப் போய்விடும் என்று நினைத்தேன். பிறகு அந்தச் சத்தம்.

அப்பா என்னைத் திட்டவில்லை. “ஒனக்குத் தெரியலயா?” என்று மட்டும் கேட்டார். வெயில் கண்ணில் அடித்தது என்றேன். சாயங்காலம் டவருக்குக் கீழே போய்ப் பச்சை வளையத்தைத் தேடி எடுத்துவந்தார். சட்டைப்பையில் வைத்திருக்கிறார். சாப்பிடவில்லை.


நவம்பர் 17

கோயிலுக்குப் போனோம். பூசை முழுக்க அப்பா கை சட்டைப்பையிலேயே இருந்தது.


நவம்பர் 25, திங்கள்

அம்மா துவைத்ததை மாடியில் காயப்போட்டேன், மழை வந்ததும் எடுத்தேன், விட்டதும் திரும்பப் போட்டேன். மேலே செம்பருந்து இரண்டு வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. செம்பருந்து சோம்பேறி. மீன் சந்தைக் கழிவை எடுத்துத் தின்றுவிட்டு அழகாக மட்டும் இருக்கும் என்பாள் அக்கா. வகுப்பில் ஒருத்தியைக் கூட அப்படித்தான் சொல்வாள்.

போன வருஷம் இதே மாதத்தில் அக்கா ஸ்கூட்டியில் என்னை உப்பளத்துக்குக் கூட்டிப்போவாள். டியூஷன் என்று சொல்லிவிட்டு. பாத்தி முழுக்கத் தண்ணீர் நின்று வானம் தரையில் கிடக்கும். தூரத்தில் பூநாரைகள், யாரோ வெளிர் ரோஜா நிறத்தில் கோடு கிழித்த மாதிரி. பக்கத்தில் உள்ளான்கள் ஆயிரக்கணக்கில் சேற்றைக் கொத்திக்கொண்டிருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் கொத்துவதை நிறுத்தும். அக்கா என் கையைப் பிடித்து அழுத்துவாள். அடுத்த நொடி கூட்டம் முழுக்க எழும்பும். ஒரு பக்கம் திரும்பினால் பழுப்பு, மறுபக்கம் திரும்பினால் வெள்ளி. அந்த வெள்ளியை நடுவில் பிளந்துகொண்டு நம் விருந்தாளி போகும். பெரும்பாலும் வெறுங்காலோடுதான் போகும். பிடிப்பது குறைவு, தவறவிடுவதுதான் அதிகம் என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

ஒருநாள் பக்கத்தில் பைக்கை நிறுத்தி ஒருவர் கேட்டார், “இவ்வளவு வேகமா போச்சே, அது பேரு என்னங்க?” அக்கா “விருந்தாளி” என்றாள். அவர் சிரித்தார். “எங்க வீட்டு விருந்தாளியெல்லாம் போகவே மாட்டாங்க.” அக்காவும் சிரித்தாள். செந்தில்வேல் அண்ணனை அன்றுதான் முதலில் பார்த்தோம். அடுத்த வாரம் அவர் எனக்குப் பன்னீர் சோடா வாங்கித்தந்தார். அதற்கடுத்த வாரங்களிலும் வாங்கித்தந்தார். நான் பறவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் போனேன்.

இது அப்பாவுக்குத் தெரியாது.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தொம்மை மாமா வந்தார். ஒரு சின்னப் பாட்டில், செய்தித்தாளில் சுற்றியது. பந்தயத்துக்கு ஆகாத கழிவுப்புறா ஒன்றின் கழுத்திலும் முதுகிலும் மருந்தைத் தடவி மாடியில் விட்டால் போதும், அது வந்து அடிக்கும், தின்னும், அதோடு தீர்ந்தது என்றார். உறையூர்ப் பக்கம் ஒரு பந்தயக்காரர் இப்படித்தான் செய்தாராம். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாகிவிட்டது. அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

“மனசு வரலன்னா சொல்லு மாப்ள, நான் தடவுதேன்.”

“மனசு என்ன மனசு. வீட்டுல உள்ளத தூக்கிட்டுப் போறதுக்கு இனி ஒருத்தனையும் விடுததா இல்ல.”

அம்மா கையிலிருந்த ரசக் கரண்டி அப்படியே நின்றது. எனக்கு ரசம் ஊற்றவே இல்லை.


நவம்பர் 28, வியாழன்

மதிய இடைவேளையில் என் தோழி பெல்சிட்டா அவள் அம்மாவின் போனைப் பையில் ஒளித்துக் கொண்டுவந்தாள். சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் நின்று அக்காவுக்குப் பேசினேன்.

“வந்துருச்சா?” என்றாள் முதலில். வந்துருச்சு என்றேன். கப்பித்தானைச் சொன்னேன். மருந்தைச் சொன்னேன். அப்பா இப்போது வைரி என்கிறார், நீ வராதே என்றேன். மாடிப்படி ஏறிக்கொண்டே பேசினாள் போலிருக்கிறது, மூச்சு வாங்கியது.

“அத மட்டும் சாக விட்றாத பிள்ள. அது போச்சுன்னா எனக்கு வாரதுக்கு ஒரு சாக்கும் கிடையாது.”

நான் என்ன செய்ய முடியும் என்று அழுதேன். பிறகு சம்பந்தமே இல்லாமல், நம்ம ஊர் மார்க்கெட்டில் மாங்காய் கிடைக்கிறதா என்று கேட்டாள். நவம்பரில் எங்கே மாங்காய்? அக்காவுக்கு மாங்காயே பிடிக்காது. மணி அடித்துவிட்டது, வைத்துவிட்டேன்.


டிசம்பர் 1, ஞாயிறு

முதலில் இருந்து சொல்கிறேன்.

காலைப் பூசை முடிந்ததும் தொம்மை மாமா மாடிக்கு வந்தார். அப்பா கையுறை போட்டு மருந்தைத் தடவி முடித்திருந்தார். ஒரு கண் தெரியாத கிழட்டுப் புறா, எங்கள் கூட்டிலேயே பிறந்தது. என்னைக் கீழே போகச் சொன்னார். போகவில்லை. துணி எடுக்க வந்த மாதிரி கொடிக்கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அப்பா புறாவை மேலே எறிந்தார். அது தெருவுக்கு மேல் கனமாக ஒரு வட்டம் போட்டது. டவர் தட்டு காலியாக இருந்தது. மேலே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தொம்மை மாமா டவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மேலே பார்த்தார். அப்பாவும் நானும் ஒரே இடத்தைப் பார்த்தோம்.

அந்தப் புள்ளி சிறகை மடக்கியது.

இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை. சொட்டு மாதிரி இருந்தது. தலைகீழாக ஒரு சாம்பல் சொட்டு. விழ விழப் பெரிதாகிக்கொண்டே, கொஞ்சம்கூட ஆடாமல், கயிறு கட்டி இழுத்த மாதிரி. இவ்வளவு அழகான ஒன்று இவ்வளவு வேகமாகச் சாவை நோக்கி வருகிறதே என்று நினைத்தேனா, அப்புறமாக நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை. விரல் வாய்க்குப் போயிருந்தது.

விசிலடித்தேன். என் காதே அடைத்துக்கொண்டது.

கிழட்டுப் புறா சிறகை ஒடுக்கிக் கல்லாகக் கூட்டுக்குள் விழுந்தது. பழக்கம். அது இருந்த இடத்தைத் துணி கிழியும் சத்தம் கடந்துபோனது. விருந்தாளி எங்கள் மாடியை ஒட்டி, கொடிக்கயிற்றுத் துணிகள் எல்லாம் ஒரு பக்கமாக எழும்ப, வளைந்து மேலே ஏறியது. மஞ்சள் கால்களைப் பார்த்தேன். வெறும் கால்கள். கண் வளையத்தின் மஞ்சளைக் கூடப் பார்த்தேன்.

“ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?” தொம்மை மாமா கையை ஓங்கிக்கொண்டே வந்தார். அப்பா நடுவில் வந்து நின்றார். மாமா படியிறங்கும் வரை காத்திருந்து, கூட்டிலிருந்து அந்தப் புறாவை எடுத்து, என்னை எட்ட நிற்கச் சொல்லிவிட்டு, கீழே கொண்டுபோய்க் குழாயடியில் சோப்புப் போட்டு இறகு இறகாகக் கழுவினார். திரும்பத் திரும்பக் கழுவினார். பாட்டிலைப் பள்ளம் தோண்டிப் புதைத்தார்.

பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“இந்த விசில் ஒனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?”

அவருக்குத் தெரியும். பொம்பளப் பிள்ளைகள் விசிலடிக்கிறதா என்று அம்மா எங்களைத் துரத்தியது அவர் கண் முன்னால்தான். ஆனாலும் கேட்டார்.

“ஜெசிந்தா அக்கா.”

மார்ச்சுக்குப் பிறகு அந்தப் பெயர் எங்கள் வீட்டில் இன்றுதான் கேட்டது. அப்பா ஈரப் புறாவைத் துண்டில் சுற்றி வெயிலில் வைத்தார். அவ்வளவுதான்.


டிசம்பர் 2

அக்காவோடு போனில் பேசியதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். மாங்காய் என்றதும் அரிவாள்மணையை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். “கிறுக்கி” என்றாள். என்னைச் சொன்னாளா அக்காவைச் சொன்னாளா தெரியவில்லை. வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள்.


டிசம்பர் 10, செவ்வாய்

கேரல் பாடுகிறவர்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். டிரம், நட்சத்திரம், தாடி கழன்று தொங்கிய கிறிஸ்துமஸ் தாத்தா. பாடி முடித்ததும் வீட்டுக்கு வீடு செபம் சொல்வார்கள். உபதேசியார் எங்கள் வீட்டுக்குள் வந்து வழக்கம்போல அப்பாவிடம் கேட்டார், பிள்ளைகள் எத்தனை பேர் என்று. அவருக்குத் தெரியாமல் இல்லை. வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டு அவரே விழித்தார்.

அப்பா “ஒரு” என்று ஆரம்பித்தார்.

“மூணு பேருக்குச் செபம் பண்ணுங்க உபதேசியாரே” என்றாள் அம்மா அடுப்படி வாசலிலிருந்து. “எனக்குப் பிள்ளைங்க ரெண்டு. இன்னொண்ணுக்கு இனிமேதான் பேரு வைக்கணும்.”

எனக்கு அப்போதுதான் மாங்காய் புரிந்தது. நான் எவ்வளவு பெரிய மண்டு. அப்பா அம்மாவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டு அவசரமாகச் செபத்தை ஆரம்பித்தார். ஆமென் சொல்லும்போது அப்பாவின் வாய் அசைந்ததா என்று பார்த்தேன். தாத்தாவின் தாடி மறைத்துவிட்டது.


டிசம்பர் 12

காலையில் அப்பா பைனாகுலரோடு மாடியில் நின்றார். டவரைத்தான் பார்த்தார். எதிர்மாடியிலிருந்து தொம்மை மாமா, “என்ன மாப்ள, வைரி இருக்கானா?” என்று கத்தினார். அப்பா பைனாகுலரை என்னிடம் நீட்டினார். அது தன் நெஞ்சு இறகைக் கோதிக்கொண்டிருந்தது, இந்த ஊரில் தனக்கு யாரோடும் வழக்கு இல்லை என்பது போல.


டிசம்பர் 14, சனி

எனக்குப் பயமாக இருக்கிறது. எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் நேரம் போகும்.

அப்பா மதியம் வேலைக்குப் போகவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சொல்லாமல் கிளம்பினார். சாயங்காலம் தொம்மை மாமா வந்து, கோவில்பட்டி பஸ்ஸில் அவரைப் பார்த்ததாக அம்மாவிடம் சொன்னார். “பேசக்கூட இல்ல தங்கச்சி. மூஞ்சியே சரியில்ல. நீ போன் பண்ணிப் பிள்ளய எங்கயாவது போகச் சொல்லிரு” என்றார். அவர் கெட்டவர் இல்லை.

அக்காவின் நம்பர் பெல்சிட்டா அம்மாவின் போனில்தான் இருக்கிறது. ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. அத்தை கல்யாணத்துக்கு நாகர்கோவில் போயிருக்கிறார்கள். வாசலை மிதித்தால்தான் காலை வெட்டுவேன் என்றார், தேடிப் போய் என்று சொல்லவில்லை. இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா அழவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. காலையிலேயே சந்தைக்குப் போய்ச் சீலா மீன் வாங்கிவந்திருந்தாள். எங்கே தேடினாளோ, மாங்காயும் இரண்டு. கேட்டால், “கெடச்சுது, வாங்குனேன்” என்கிறாள். குழம்பு கொதிக்கிற வாசனை இங்கே வரை வருகிறது. என்னைச் சாப்பிடச் சொல்லவே இல்லை.

இருட்டுவதற்கு முன்னால் மாடிக்குப் போனேன். அது தட்டில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துத் தூங்கத் தயாராக இருந்தது. பகலில் அவ்வளவு வேகமான ஒன்று ராத்திரியில் இவ்வளவு அசையாமல் இருக்கிறது. நாளைக் காலை வரை அங்கேயேதான் இருக்கும், எனக்குத் தெரியும். நீ இருக்கிறாய், அவளும் இருக்க வேண்டும் என்று அதனிடம் சொன்னேன். எனக்கு ஜெபிக்கத் தெரிந்த மாதிரி ஜெபித்தேன்.

தெருவில் ஆட்டோ நிற்கிறது. கேரல்காரர்கள் இல்லை, டிரம் சத்தம் கேட்கவில்லை.

அப்பாவின் செருப்பு. ஆனால் அவர் இவ்வளவு மெதுவாக நடக்க மாட்டார். யாருக்காகவோ படியில் நின்று நின்று வருகிற மாதிரி.

அம்மா ஏதோ சொல்கிறாள். கேட்கவில்லை.

என் கதவைத் தட்டுகிறார். அப்பாதான். “ஏட்டி, எந்திரி. விருந்தாளி வந்திருக்கு.”

இந்த வருஷம் அவர் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. அதுவும் இந்த ராத்திரியில் அது டவரை விட்டு இறங்காது, அப்படியென்றால் வந்திருப்பது